தெருத் தொல்லைகளை அளப்பதும் குறைப்பதும்: குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்கள் பகுதியில் சமூக விரோதிகளின் அட்டகாசம் நாளுக்கு நாள் அதிகரித்து வருவதால், தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவில் இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான், மீதிப் பக்கம் முழுவதும் கையெழுத்துகள். மனுவை வாங்கிப் படித்த உதவி ஆய்வாளர் கோபப்படவும் இல்லை, தட்டிக் கழிக்கவும் இல்லை. "எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். போயிருந்த ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னோம். ஒருவர் பைக் ரேஸ் என்றார், ஒருவர் குடி என்றார், இன்னொருவர் வாடகைக்கு வந்திருக்கும் பையன்களே சரியில்லை என்றார். மனு கோப்பில் சேர்ந்தது. தெரு அப்படியே இருந்தது.

அன்று எங்களிடம் பதில் இல்லாமல் போன அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் திரட்டுவது எப்படி, திரட்டியதை வைத்துத் தொல்லையைக் குறைப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டின் நகர்ப்புறத் தெருக்களையும் பெரிய ஊராட்சிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இத்தகைய தொல்லைகளைத் தனி வகையாகப் பிரித்து நாடு முழுவதும் அளந்து பார்த்த அனுபவம் இங்கிலாந்துக்கு உண்டு என்பதால், அங்கே சரியாக நடந்ததையும் தவறிப்போனதையும் தேவையான இடங்களில் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: ஆளை விட்டுச் செயலுக்குப் பெயரிடுங்கள்

"சமூக விரோதி" என்ற சொல் தமிழில் ஓர் ஆளைக் குறிக்கிறது. மேடையிலும் செய்தித்தாளிலும் அது ரவுடிக்கும், போராட்டம் நடத்துகிறவருக்கும், வேலை கிடைக்காமல் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கும் ஒன்றுபோலச் சூட்டப்படுகிறது. ஆளை எண்ணத் தொடங்கினால், ஏற்கெனவே யார்மேல் ஊருக்கு வெறுப்பு இருக்கிறதோ அவர்கள்தாம் கணக்கில் வருவார்கள். நம் ஊர்களில் அது பெரும்பாலும் சாதியாகவும், குடிசைப் பகுதியாகவும், வெளிமாநிலத் தொழிலாளர்களாகவும் போய் முடியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆகவே பதிவேட்டில் "காலனிப் பையன்கள்" என்றோ "வடநாட்டுக்காரர்கள்" என்றோ ஒரு வரி கூட இடம்பெறக் கூடாது என்பதைச் சங்கத்தின் முதல் தீர்மானமாகவே எழுதி வைக்கும்படி வலியுறுத்துகிறேன்.

இங்கிலாந்து 1998-இல் கொண்டுவந்த குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம், தன் வீட்டைச் சேராத பிறருக்குத் துன்புறுத்தலோ அச்சமோ மனவேதனையோ உண்டாக்கும், அல்லது உண்டாக்கக்கூடிய நடத்தை என்று "சமூக விரோத நடத்தை"க்கு வரையறை தந்தது. அந்நாட்டுக் காவல்துறை 2011 முதல் இத்தகைய அழைப்புகளை மூன்றே வகையாகப் பிரித்துப் பதிகிறது. அந்தப் பிரிவு நமக்கும் நன்றாகப் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட ஆளையோ குடும்பத்தையோ குறிவைத்து நடப்பவை முதல் வகை: ஒரு வீட்டுக் கதவை மட்டும் இரவில் தட்டிவிட்டு ஓடுவது, தனியாக வாழும் பெண்ணைப் பார்த்து ஜாடை பேசுவது, மாற்றுத்திறனாளியைக் கேலி செய்வது. எல்லாருக்கும் பொதுவான தொல்லை இரண்டாம் வகை: பொது இடத்தில் குடிப்பது, சைலன்சரை மாற்றிய பைக்கை விரட்டுவது, நள்ளிரவு ஒலிபெருக்கி. மூன்றாவது, இடத்தைக் கெடுப்பவை: குப்பை கொட்டுவது, தெருவிளக்கை உடைப்பது, பூங்கா இருக்கையைப் பெயர்ப்பது, பள்ளிச் சுவரோரம் சிறுநீர் கழிப்பது.

இரண்டு பொருள்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டும். அடிதடி, வழிப்பறி, கஞ்சா விற்பனை, குழந்தைகள் மீதான அத்துமீறல் ஆகியவை குற்றங்கள்; பின்னால் சொல்லப்போகும் எட்டு வாரக் கணக்கில் அவற்றை எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று அழைத்தாக வேண்டும். மற்றொரு பக்கம், நமக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே ஒன்று தொல்லை ஆகிவிடாது. தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், தள்ளுவண்டிக்காரர், பூங்காவில் பேசிக்கொண்டிருக்கும் ஆணும் பெண்ணும், டீக்கடை வாசலில் நிற்கும் கூட்டம் ஆகியவை வாழ்க்கையின் பகுதி. இங்கிலாந்தின் கணக்கெடுப்பு "தெருவில் கூடி நிற்கும் பதின்வயதினர்" என்பதையே ஒரு தொல்லையாகக் கேட்டு வந்தது. நிற்பதையே தொல்லை என்று எண்ணியது தவறு என்பது என் உறுதியான கருத்து. நின்றபடி என்ன செய்தார்கள், அதனால் யார் பாதிக்கப்பட்டார் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எல்லையை வரைந்து, நடந்து பாருங்கள்

ஒரு வார்டு முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தே அரை மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய, முந்நூறு முதல் ஐந்நூறு வீடுகள் கொண்ட பகுதியே போதும். ஒரு வெள்ளைத் தாளில் தெருக்கள், சந்துகள், தெருவிளக்குக் கம்பங்கள், டிரான்ஸ்ஃபார்மர், காலிமனை, கோயில், பள்ளி, டாஸ்மாக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை வரைந்துகொள்ளுங்கள். எரியாத விளக்கைக் கறுப்புப் புள்ளியாலும், மறைவான மூலையைக் கோடுகளாலும் குறியுங்கள்.

பிறகு காலை ஆறு மணிக்கும், பள்ளி விடும் நேரத்திலும், இரவு ஒன்பதரைக்கும் ஆக மூன்று வேளை அந்த வரைபடத்துடன் நடக்க வேண்டும். இரவு நடையில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்கள் சாதாரணமாகக் கடந்துபோகும் இடங்களில் அவர்கள் நடை வேகமாவதை அப்போதுதான் காண முடியும். எங்கள் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தும், அதன் பின்னால் நான் போனதில்லை. அங்கே மூன்று ஹாலோ பிளாக் கற்கள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஒரு பெயின்ட் வாளி மேசைபோலக் கவிழ்க்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் டம்ளர்கள், தண்ணீர் பாக்கெட்டுகள், ஊறுகாய் உறைகள், குவார்ட்டர் மூடிகள். மேலே இருந்த தெருவிளக்கின் குமிழ் உடைந்து, அதற்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. விளக்கு அணைந்து பல மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அந்த முனையில் பூக்கட்டி விற்கும் அம்மாவிடம் கேட்டபோது, "முன்ன ஒம்போது மணி வரைக்கும் இருப்பேன் சார், இப்பல்லாம் ஏழுக்கே கூடையத் தூக்கிடுறேன்" என்றார். எந்தப் புகார்ப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பு அது. இரண்டு மணி நேர வியாபாரத்தை அவர் அன்றாடம் இழந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் படி: மூன்று அளவுகோல்கள்

இந்த வேலையில் எளிதில் தவறக்கூடிய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2003 செப்டம்பர் 10-ஆம் நாள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை, உள்ளாட்சிகள், வீட்டுவசதி அமைப்புகள் எனப் பலவும் தமக்கு அந்த ஒரு நாளில் வந்த இத்தகைய புகார்கள் அனைத்தையும் எண்ணின. மொத்தம் 66,107 புகார்கள். இந்த எண் நாட்டையே பேச வைத்தது. ஆனால் அது எண்ணியது புகார்களைத்தான், தொல்லைகளை அல்ல. ஒரே சத்தத்துக்கு நான்கு வீட்டார் அழைத்தால் நான்கு புகார். பயந்தோ சலித்தோ யாருமே அழைக்காத தெருவில் சுழியம். புகார் எண்ணிக்கையை மட்டும் நம்பினால், மிக மோசமான தெருவே மிக அமைதியான தெருவாகத் தோன்றிவிடும். எனவே ஒரே நேரத்தில் மூன்று அளவுகள் தேவை: நிகழ்வுப் பதிவேடு, வீட்டுக் கணக்கெடுப்பு, தடயக் கணக்கு.

நிகழ்வுப் பதிவேடு என்பது நீளவாக்கில் கோடு போட்ட ஒரு நோட்டு. தேதியும் கிழமையும், நேரம், இடம் (வரைபட எண்ணுடன்), என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, யாரிடம் முறையிடப்பட்டது, என்ன பதில் வந்தது என்று ஏழு கட்டங்கள் போதும். நாளுக்கொருவர் என்று முறைவைத்து எழுதாமல், பொறுமையான ஒருவரிடமே நோட்டு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவைப் பதிவேடாக எண்ணிவிட வேண்டாம். அங்கே ஒரு செய்தி பத்து முறை பகிரப்படும், வதந்தியும் நேரில் கண்டதும் கலந்துவிடும், இரண்டே நாளில் சண்டை தொடங்கும். யாருடைய முகத்தையும் படம் எடுக்க வேண்டாம். குறிப்பாக, பதினெட்டு வயது நிறையாத ஒருவரைத் "திருடன்" என்றோ "குடிகாரன்" என்றோ படத்துடன் பரப்புவது ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அழிக்கும் செயல். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்க 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

வீட்டுக் கணக்கெடுப்புக்கு இங்கிலாந்தின் குற்ற ஆய்வு பயன்படுத்திய முறையை நம் தெருவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அங்கே ஏழு தொல்லைகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் உங்கள் பகுதியில் எவ்வளவு பெரிய சிக்கல் என்று கேட்டார்கள். மிகப் பெரியது என்றால் 3, ஓரளவு பெரியது என்றால் 2, அவ்வளவாக இல்லை என்றால் 1, இல்லவே இல்லை என்றால் 0. மொத்தம் 21-க்கு 11 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த வீட்டார் தொல்லை மிகுதியாக இருப்பதாக உணர்கிறார்கள் என்று கொள்ளப்பட்டது. நம் பட்டியலில் பொது இடக் குடி, இரவுச் சத்தம், பைக் விரட்டல், பெண்களைச் சீண்டுதல், குப்பை கொட்டுதல், பொதுச் சொத்தைச் சேதப்படுத்துதல், அக்கம்பக்கத்து மிரட்டல் ஆகிய ஏழும் இருக்கலாம். மூன்றாவது வீடு, ஆறாவது வீடு என்று வரிசைப்படி மூன்றில் ஒரு வீட்டுக்குச் சென்றால் போதும். தெரிந்த வீடுகளுக்கு மட்டும் போனால் தெரிந்த பதில்தான் வரும்.

பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். அதுவும் கணவரோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில். "குடிகாரர்களால் நீங்கள் பயப்படுகிறீர்களா?" என்று பதிலைக் கையில் திணிக்கும் கேள்வி வேண்டாம். அதைவிட நல்ல கேள்விகள் பழக்கம் மாறியதைப் பற்றியவை. இருட்டிய பிறகு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா, டியூஷனுக்குப் போகும் மகளை அழைத்துவர யாராவது போகவேண்டியிருக்கிறதா, முன்பு போன வழியை மாற்றிக்கொண்டீர்களா, தெருப்பக்கச் சன்னலைத் திறந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டால், மனம் சொல்லத் தயங்குவதைப் பழக்கம் சொல்லிவிடும்.

தடயக் கணக்கு மூன்றிலும் எளியது; நம்பகமானதும் அதுதான் என்பது என் அனுபவம். தொல்லை மிகுந்த ஐம்பது மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, ஞாயிறு காலை தூய்மைப் பணியாளர்கள் பெருக்குவதற்கு முன்னால், வாராவாரம் அதே நேரத்தில் காலி பாட்டில்கள், டம்ளர்கள், உடைந்த கண்ணாடி கிடக்கும் இடங்கள், எரியாத விளக்குகள், புதிதாகக் கொட்டப்பட்ட குப்பைக் குவியல்கள் ஆகியவற்றை எண்ண வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. காலி மதுபாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. அது நடைமுறையில் உள்ள ஊரில் பாட்டில்களை விடியுமுன்பே யாராவது பொறுக்கிச் சென்றுவிடுவார்கள். அங்கே பாட்டிலை எண்ணிக் குடி குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். டம்ளரையும் தண்ணீர் பாக்கெட்டையும் எண்ணுங்கள்.

சத்தத்துக்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினாலும், இரவுநேரக் கட்டுப்பாடு மீறப்பட்டாலும் யாரும் முறையிடலாம். கைப்பேசிச் செயலி காட்டும் எண் சட்டத்தின் முன் சான்றாகாது. ஆனால் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து எடுத்தால், இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒப்பிட உதவும்.

எதையும் செய்யத் தொடங்குமுன் குறைந்தது எட்டு வாரம் இப்படி அளக்க வேண்டும். ஆடித் திருவிழா, தேர்வுக் காலம், பொங்கல் விடுமுறை என்று தெருவின் இயல்பு மாதத்துக்கு மாதம் மாறுவதால், எந்த மாதத்தில் அளந்தோம் என்பதையும் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: நிகழ்வை எண்ணுவதோடு, பாதிக்கப்பட்டவரை எண்ணுங்கள்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில், மாற்றுத்திறன் கொண்ட மகளுடன் வாழ்ந்த ஒரு தாய், தம் வீட்டைக் குறிவைத்துத் தொல்லை கொடுத்த இளைஞர்களைப் பற்றிப் பல ஆண்டுகளில் 33 முறை காவல்துறையை அழைத்தார். கல்லெறிந்தார்கள், கத்தினார்கள், மகளைக் கேலி செய்தார்கள். ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிச் சிறு நிகழ்வாகவே பதியப்பட்டது. அவற்றை ஒரே கொடுமையின் தொடர்ச்சியாக யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 2007 அக்டோபரில் அந்தத் தாய் மகளுடன் காருக்குள் அமர்ந்து தீவைத்துக்கொண்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது. 33 எண்ணும் பதிவேட்டில் இருந்தன. அவற்றை ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவரும் பழக்கம்தான் இல்லாமல் போனது.

2014-இல் வந்த புதிய சட்டம், ஆறு மாதத்துக்குள் மூன்று முறை முறையிட்ட ஒருவர், தம் சிக்கலைக் காவல்துறையும் உள்ளாட்சியும் ஒன்றாக உட்கார்ந்து மறுஆய்வு செய்யக் கோரும் உரிமையை அங்கே தந்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும், சங்கம் இதைத் தன் விதியாக ஏற்கலாம். பதிவேட்டின் பின்பக்கத்தில் வீட்டு எண் வாரியாக ஒரு பட்டியல் வையுங்கள். ஒரே வீடு மூன்றாம் முறை வந்துவிட்டால், அந்த வாரமே சங்கத்தின் இருவர் நேரில் போய்ப் பேச வேண்டும். எட்டு வாரம் நிறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தனியாக வாழும் முதியவர்கள், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், சாதி மறுத்து மணந்த இணையர் ஆகியோருக்கு இரண்டாம் முறையே போதும். ஊர் முழுக்க இருபது புகார் இருப்பதைவிட ஒரே வீட்டுக்கு ஐந்து இருப்பது பெரிய செய்தி.

ஐந்தாம் படி: கணக்கைப் படியுங்கள்

எட்டு வாரப் பதிவை வரைபடத்தின் மேல் புள்ளிகளாக வைத்தால், தொல்லை தெரு முழுவதும் பரவியிருக்காது என்பது தெரியவரும். இரண்டு மூன்று இடங்களிலும், வாரத்தின் சில மணி நேரத்திலும் அது குவிந்திருக்கும். பதிவில் முப்பது நிகழ்வுகள் இருந்து, அவற்றில் இருபது டிரான்ஸ்ஃபார்மர் முனையில், வெள்ளி, சனி இரவு ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையே நடந்தன என்று வைத்துக்கொள்வோம். டாஸ்மாக் கடை மூடும் நேரம் இரவு பத்து. கடைசி நேரத்தில் வாங்கியவர்கள் உட்கார இடம் தேடி வருகிறார்கள். இருட்டும் கற்களும் அங்கே காத்திருக்கின்றன. "பகுதி கெட்டுப்போய்விட்டது" என்ற பெரிய துயரம் இப்போது ஒரு விளக்கு, மூன்று கற்கள், வாரத்தில் மூன்று மணி நேரம் என்ற அளவுக்குச் சுருங்குகிறது. இந்த அளவுக்குச் சுருக்க முடியாத தொல்லையைக் குறைக்கவும் முடியாது.

அடுத்த தெருவையும் தடயக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் முனையில் குறைந்து அங்கே கூடினால், நாம் தொல்லையை நகர்த்தியிருக்கிறோம், குறைக்கவில்லை. பதிவேடு தொடங்கிய முதல் மாதத்தில் புகார்கள் கூடினால் கலங்க வேண்டியதில்லை. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்ததன் அறிகுறி அது.

ஆறாம் படி: குறைத்தல்

வரிசை முக்கியம். முதலில் இடத்தைச் சரிசெய்ய வேண்டும்; அடுத்தது பேச்சு; அதற்குப் பிறகுதான் சட்டம். பெரும்பாலான சங்கங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன.

இடத்தைச் சரிசெய்வதில் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், மிதிவண்டிகள் நிறுத்தும் சந்து ஒன்றில் கைப்பிடிகளில் துண்டறிக்கை மாட்டிவைத்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது அதைத் தரையில் போட்டவர்கள் 33 விழுக்காடு. அதே சுவரில் கிறுக்கிவைத்தபோது 69 விழுக்காடு. 2008-இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலிமனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றை மட்டும் சுத்தம் செய்து புல்லும் சிறு மரங்களும் வைத்து, தாழ்வான மரவேலி போட்டார்கள்; வறுமை மிகுந்த பகுதிகளில் அவற்றைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகள் வைத்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் 36 விழுக்காடு அளவுக்குக் குறைந்தன. இந்த எண்கள் அப்படியே நம் தெருவில் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு விளக்குக்கு உள்ளாட்சியிடம் மனுக் கொடுப்பது ஒருவரையும் புண்படுத்தாத முதல் முயற்சி என்பதில் ஐயமில்லை. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணிலும், மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களிலும் கம்ப எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கற்களை அகற்றுவது, காலிமனை உரிமையாளரிடம் முள்செடியை வெட்டச் சொல்வது, குப்பை கொட்டும் மூலையில் வாரம் இருமுறை கோலமிட்டுச் செடி வைப்பது ஆகியவை சங்கமே செய்யக்கூடியவை.

பேச்சு என்று வரும்போது யார் பேசுவது என்பதே பாதி வேலை. சங்கத் தலைவர் பத்துப் பேரோடு போய் நின்றால் அது மிரட்டல். அந்த இளைஞர்களுக்கு ஏற்கெனவே மரியாதை உள்ள ஒருவர், உடற்பயிற்சிக் கூடத்து அண்ணனோ, பழைய ஆசிரியரோ, மெக்கானிக் கடை மாமாவோ, குடிக்காத பகல் வேளையில் போய்ப் பேசட்டும். "நீங்க உக்காருறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, பாட்டில ஒடைக்கிறது, பொம்பளைங்க போறப்ப பேசுறது, இந்த ரெண்டும் வேண்டாம்" என்று எது தொல்லை, எது தொல்லை இல்லை என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். விளையாட இருந்த மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள் என்பது பல ஊர்களில் கேட்கும் பதில். அது உண்மையானால் அதுவும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். குடியிலிருந்து விடுபட விரும்புகிறவருக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

அமெரிக்காவின் சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் நடத்தி 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று, அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, பிள்ளைகள் தவறு செய்தால் யாராவது தலையிடுவார்கள் என்று எதிர்பார்க்கும் இடங்களில் வன்முறை குறைவாக இருப்பதைக் காட்டியது. அந்த நம்பிக்கையை ஒரே கூட்டத்தில் உண்டாக்க முடியாது. ஆனால் வீட்டுக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கும்போதே அது முளைவிடத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஏழு ஆண்டு பக்கத்து வீட்டில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் அன்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை. தெருக்காவல் என்ற பெயரில் இளைஞர் படை அமைத்து, வருகிறவர் போகிறவரை நிறுத்தி விசாரிக்கும் வேலையை எந்தச் சங்கமும் செய்யக் கூடாது. 1993-இல் இராமநாதபுரத்தில் அப்போதைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய "காவல்துறை நண்பர்கள்" இயக்கம், மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையே பாலமாக எண்ணப்பட்டது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததை அடுத்து எழுந்த குற்றச்சாட்டுகளுக்குப் பின், அந்த இயக்கத்தை அரசு தடை செய்தது. அதிகாரம் இல்லாதவர்களுக்கு அதிகாரத்தின் நிழல் கிடைத்தால், அதற்கு யார் பொறுப்பு என்பதே தெரியாமல் போய்விடும்.

சட்டத்துக்குப் போகும்போது எந்தப் பிரிவு எதற்கு என்று தெரிந்துகொண்டு போங்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவில் வரும். 24 மணி நேரம் வரை வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது சமூக சேவை. பொதுத்தொல்லைக்கு 292-ஆம் பிரிவு. தொடர்ந்து குப்பை கொட்டும் இடம், தொழிற்கூடச் சத்தம் போன்ற நிலையான தொல்லையை அகற்ற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-இன்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது இதுதான். பெண்களைச் சீண்டுவதற்கு எதிராக 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தனிச் சட்டமே இருக்கிறது. டாஸ்மாக் கடை, கோயிலுக்கோ பள்ளிக்கோ மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது என்பது விதி. எழுதிக் கொடுக்குமுன் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

மனுவை இப்படி எழுதலாம்: "மேற்கண்ட முகவரியில் டிரான்ஸ்ஃபார்மர் முனையில், இணைப்பில் உள்ள எட்டு வாரப் பதிவின்படி, வெள்ளி, சனி இரவு 9.30 முதல் 11 மணி வரை பொது இடத்தில் மது அருந்துதலும் பாட்டில் உடைத்தலும் நடைபெறுகின்றன. விளக்குக் கம்பம் பழுது குறித்து உள்ளாட்சிக்குக் கொடுத்த மனுவின் நகலையும் இணைத்துள்ளோம். அந்த நேரத்தில் இம்முனையில் ரோந்து வருமாறும், ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் ஒன்றை இங்கே வைக்குமாறும் வேண்டுகிறோம்." மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டணத்துடன் அந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையைக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஊராட்சியாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் கணக்கோடு தீர்மானம் கொண்டுவரலாம்; நகரங்களில் பகுதி சபை இருக்கிறது.

தண்டனை மட்டுமே போதும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் 1999 முதல் 2013 முடிய 24,000-க்கும் மேற்பட்டோர் மீது, இன்ன இடத்துக்குப் போகக் கூடாது, இன்னதைச் செய்யக் கூடாது என்று நீதிமன்றத் தடை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. பாதிக்கும் மேற்பட்டவை குறைந்தது ஒருமுறை மீறப்பட்டன. மீறியவர்களில் பலருக்குச் சிறை கிடைத்தது, அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். கடைசியில் அந்த ஆணையையே கைவிட்டு வேறு முறைக்குப் போனார்கள்.

ஏழாம் படி: மறுபடி அளங்கள்

ஆறு மாதம் கழித்து, அதே ஐம்பது மீட்டரில், அதே ஞாயிறு காலையில், அதே வினாத்தாளுடன் மறுபடி தொடங்க வேண்டும். முதல்முறை கேட்டவர்களே இம்முறையும் கேட்டால் நல்லது. செய்த ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் நடந்தது என்பது பதிவேட்டில் இருந்தால்தான், விளக்கு எரிந்ததால் குறைந்ததா, தேர்வுக் காலம் என்பதால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். மூன்று அளவும் ஒரே திசையில் போகாமலும் இருக்கலாம். தடயம் குறைந்து, பெண்களின் பதில் மட்டும் மாறாமல் இருந்தால், எண்ணாத ஏதோ ஒன்று இன்னும் நடக்கிறது என்று பொருள். இரவு நடையைத் திரும்பவும் அவர்களோடு நடக்க வேண்டும்.

முடிவுகளைத் தெருவிலேயே, எல்லாரும் பார்க்கும் பலகையில், பெயர் எதுவும் இல்லாமல் எண்களாக மட்டும் ஒட்டுங்கள். அந்த இளைஞர்களும் அதைப் படிக்கட்டும். வீட்டு எண் எழுதிய பின்பக்கப் பட்டியல் மட்டும் எவர் கைக்கும் போகக் கூடாது. அதை ஒருவர் பொறுப்பில் பூட்டிவைத்து, வழக்கோ மனுவோ நிலுவையில் இல்லாத வீடுகளின் பக்கங்களை ஆண்டு முடிந்ததும் கிழித்து எரித்துவிடுங்கள்.